சித்தப்பாவின் வண்டியும் என் கண்ணும்

பொறாமையே இல்லாதவள் என்று என்னைப் பற்றி யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். என் வயதுக்காரர்களான உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? முட்டிவலி வந்தாகிவிட்டது, பேத்தியையும் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் எதிர்வீட்டு வாசலில் புதிதாக ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றால் இன்னும் எனக்கு அடிவயிற்றில் ஒரு பிடி பிடிக்கிறது. சாவி யார் கையில் இருக்கிறது, பின்னால் யார் உட்கார்ந்து போகிறார்கள் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். என் மகள் சிரிப்பாள். "ஏம்மா, உனக்கும் ஒண்ணு வாங்கித் தரட்டுமா?" என்பாள். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

இந்தப் பிடி முதன்முதலில் என்னைப் பிடித்தது பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில்தான். அப்போது நான் நான்காம் வகுப்பு. அந்த வருஷம் தக்காளி வேண்டாம் வேண்டாம் என்னும்படி காய்த்துத் தள்ளியது. பறித்தது போக அழுகியதை வரப்பில் கொட்டிவைத்திருப்பார்கள். ஊரே புளிப்பாக மணக்கும். அந்தப் பருவத்தில் ஒரு நாள் சித்தப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வாசலின் இரண்டு பக்கம். அப்பா தக்காளிக் காட்டைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா ஊர்க்காரர்களின் தக்காளியை மண்டிக்குக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டி சித்தியின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அதியமான்கோட்டையில் சித்தியின் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த பழைய வண்டி. அவர் வேறு வாங்கியதும் இதை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். பழையது என்றால் என்ன, எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் மோட்டார் சைக்கிள். கருநீலத் தொட்டி, முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் விளக்குக் கிண்ணம், அப்புறம் அந்த வாசனை. பெட்ரோலும் சூடான ரப்பரும் கலந்த அந்த வாசனையை நான் மூச்சை இழுத்து இழுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

சித்தி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கினாள். சூடம் காட்டினாள். பிறகு கோவிலில் மந்திரித்து வாங்கிவந்த கறுப்புக் கயிற்றை எடுத்தாள். கெட்டியான கயிறு. சோழியும் ஒரு துண்டு படிகாரமும் கோத்திருந்தது.

"புள்ளைக்குக் கால்ல கட்டற மாதிரி வண்டிக்கும் கால்லதான் கட்டணும்" என்றாள்.

"வண்டிக்கு ஏது புள்ள காலு?" என்று சித்தப்பா சிரித்தார்.

"தா, இதத்தான நீங்க கால்ல மிதிக்கறீங்க. இதுதான் காலு" என்று பிரேக் மிதியைக் காட்டினாள். மிதியையும் அதற்குக் கீழே இருந்த இரும்பையும் சேர்த்துச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். ராத்திரியில் போகிற வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று தார்ப்பாய் ஒன்று போட்டு மூடவும் ஏற்பாடு செய்தாள். சித்திக்கு உலகமே அவள் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு நினைப்பு. என்னைப் பொறுத்தவரை அது சரியான நினைப்புதான்.

சித்தப்பா மகனுக்கும் எனக்கும் ஒரே வகுப்பு. அவன் பெட்ரோல் தொட்டிமேல் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு வருவான். நான் அப்பாவின் சைக்கிள் கேரியரில், காலித் தக்காளிப் பெட்டியின் விளிம்பு முதுகில் குத்தக் குத்த வருவேன். பாதி வழியில் அவன் எங்களைக் கடந்து போவான். கடக்கும்போது ஹாரனை அடிப்பான். அந்த வண்டியில் என்ஜினுக்கு மட்டும்தான் சாவி. ஹாரன், பின்னால் இருக்கும் பிரேக் விளக்கு எல்லாம் சாவி இல்லாமலே வேலை செய்யும். அதனால் அவன் வீட்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்தும் ஹாரனை அடிப்பான். எனக்குக் காதில் புகை வரும். அவன் விழுந்து ஒரு பல்லாவது போகவேண்டும் என்று சாமி கும்பிட்டிருக்கிறேன். முன்பல்லாக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு என்ன தோன்றியதோ, தெருப் பிள்ளைகளை எல்லாம் ஆளுக்கொரு சுற்று கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் தலை வாரி, பவுடர் போட்டு வந்து வரிசையில் நின்றேன். ஒவ்வொருத்தராகப் போய் வந்தார்கள். என் முறை வந்தது. ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சித்தப்பா உதைத்தார். வண்டி செருமியது. மறுபடி உதைத்தார். செருமலும் நின்றது. ஹாரனை அமுக்கினால் கிழட்டுப் பூனை மாதிரி ஒரு சத்தம்.

"பேட்டரி படுத்துக்கிச்சு. எறங்கு சாமி" என்றார்.

இறங்கினேன். வயிற்றில் பிடித்தது என்று சொன்னேனே, அது அன்றைக்குத்தான். அதுவரை சுற்றி வந்த பிள்ளைகளைப் பார்த்தேன். வண்டியைப் பார்த்தேன். எனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக்கூடாது என்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த பேட்டரி தேறவே இல்லை. சித்தப்பா அதைக் கழற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டு, பஸ் ஏறிப் பாலக்கோட்டுக்குக் கொண்டுபோவார். சார்ஜ் ஏற்றி மறுநாள் கொண்டுவருவார். சில நாள் வண்டி குதிரை மாதிரி ஓடும். பிறகு ஒரு காலையில் படுத்துக்கொள்ளும். மறுபடி மஞ்சள் பை. ஆசிட் சிந்திச் சிந்திப் பையின் அடியில் ஓட்டை விழுந்தது. சித்தப்பாவின் வேட்டிகளில் முழங்கால் பக்கம் பூச்சி அரித்த மாதிரி பொத்தல்கள்.

முதலில் தண்ணீர்க் குறை என்றார்கள். பேட்டரிக்கு ஊற்ற என்று பாட்டிலில் விற்கும் சுத்தமான தண்ணீரை வாங்கி ஊற்றினார்கள். அந்தக் காலி பாட்டிலைப் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக நான் கேட்டேன். சித்தி நன்றாகக் கழுவி அவள் மகனுக்குக் கொடுத்துவிட்டாள். பிறகு ஹாரன் அடித்தே சார்ஜை இறக்கிவிடுகிறான் என்று அவனுக்கு முதுகில் நாலு வைத்தார் சித்தப்பா. அந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. அவன் ஹாரனைத் தொடுவதை விட்டான். பேட்டரி படுப்பதை விடவில்லை. ஒவ்வொரு முறையும் சித்தி இன்னொரு கயிறு கட்டி இன்னும் இறுக்கினாள். வண்டி முன்னைப்போல் ஓடுவதில்லை, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று சித்தப்பா வேறு சொல்ல ஆரம்பித்தார்.

"பேட்டரியில ஒண்ணும் கொற இல்லீங்க. வண்டிய வுட்டுட்டுப் போங்க, பாக்கறேன்" என்றான் பாலக்கோட்டு மெக்கானிக்.

வண்டியை விடுவதற்கு முன் சித்தி கயிறுகளை எல்லாம் அவிழ்த்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். மந்திரித்த பொருளைக் கண்டவர்கள் கிரீஸ் கையோடு தொடக்கூடாதாம். ஒரு வாரம் வண்டி மெக்கானிக் கடையில் நின்றது. பேட்டரி ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. "அருமையா இருக்குதுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டான். வந்ததும் சித்தி குளித்துவிட்டு வந்து கயிறுகளை முன்போலவே கட்டினாள். வாரம் முடிவதற்குள் பேட்டரி படுத்துவிட்டது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வெளியூரில் நின்றால் நன்றாக இருக்கிறது, நம் வாசலில் நின்றால் படுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் கோளாறு வாசலில். வாசலில் இருப்பது இரண்டு குடும்பம். எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இல்லை, ஆண் பிள்ளையும் இல்லை. நான் ஒருத்திதான். சித்திக்கோ மகனும் இருந்தான், கைக்குழந்தையாக இன்னொரு மகனும் இருந்தான். அம்மாவின் கண் என்று முடிவாகிவிட்டது.

நேராக யாரும் சொல்லவில்லை. குழாயடியில் சித்தி பொதுவாகச் சொன்னாள்: "சிலபேரு கண்ணு பட்டா பச்ச மரமே காயுதாம். பேட்டரி எந்த மூலைக்கு?" அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

மறுநாளிலிருந்து குழந்தை வரவில்லை. இதை உங்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டும். அந்தக் குழந்தையைப் பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டியது அம்மாதான். மணையில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, காலை நீட்டி, அதன்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். எங்கள் தெருவில் அம்மா அளவுக்கு அந்தக் கைப்பழக்கம் யாருக்கும் இல்லை. சித்தி குளிப்பாட்டினால் குழந்தை நீலம் பாரித்து அழும். அம்மாவின் காலில் தூங்கியே போகும். இப்போது காலையில் அந்தப் பக்கமிருந்து அழுகை கேட்கும். அம்மா அடுப்பில் வைத்த வெந்நீர் தானாக ஆறும். வராது என்று தெரிந்தும் தினமும் வைத்தாள். என் அப்பா அதைப் பார்ப்பார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அம்மா இன்னொன்றும் செய்தாள். வண்டிச் சத்தம் கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். வண்டி வாசலில் நிற்கும்போது அதைத் தாண்டிப் போகவேண்டி வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். "திமிரப் பாரு. பாக்கப் பிடிக்கலையாம்" என்றாள் சித்தி. அக்கம்பக்கமும் அப்படித்தான் சொன்னது. எனக்கும் அது கோபம் என்றுதான் தோன்றியது.

எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. அம்மா வண்டியைப் பார்ப்பதே இல்லை. பார்த்தது நான். தொட்டியிலிருந்து சக்கரம் வரை ஒரு இடம் விடாமல், காலை மாலை, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது நான். என் முறை வந்தபோதுதானே அது முதலில் படுத்தது? அப்படியானால் கண் என்னுடையது. இதை நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தொட்டிமேல் உட்கார்ந்து ஹாரன் அடித்தவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. பார்த்தே ஒரு மோட்டார் சைக்கிளைப் படுக்கவைக்கிற கண்.

ஆனால் குழந்தை வராமல் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனவே என் கண்ணை நானே திரும்ப எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கண் வைத்தவர்களே துப்பினால் திருஷ்டி கழிந்துவிடும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அன்றைக்கு சித்தப்பா புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரம். கையில் உப்பும் மிளகாயும் அள்ளிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது தார்ப்பாய்க்குள் நுழைந்தேன். வண்டியின் முதுகு சுவரைப் பார்த்து இருந்தது. உப்பைத் தூவினேன். "த்தூ, த்தூ" என்று இரண்டு முறை துப்பினேன். மூன்றாவது முறை துப்புவதற்காகப் பின்பக்கம் தவழ்ந்து போனேன்.

தார்ப்பாய்க்குள், சுவரோரம், ரத்தச் சிவப்பாக ஒரு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

வண்டிக்குக் கண் சிவந்துவிட்டது, அது என்னைத் திருப்பிப் பார்க்கிறது என்றுதான் நினைத்தேன். கத்திக்கொண்டே வெளியே வந்து அம்மாவின் சேலைக்குள் புகுந்தேன். திக்கித் திக்கிச் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வந்து, தார்ப்பாயைப் பிடித்துத் தூக்கினாள். சரியாக அந்த நேரத்தில் சித்தி குழந்தையோடு வெளியே வந்தாள்.

"பாத்தீங்களா, கையும் களவுமா! பொழுது சாயற நேரத்துல மூடி வெச்சத எதுக்குத் தொறக்கறீங்க? இன்னம் என்ன மிச்சம் இருக்குது பாக்கறதுக்கு?"

"கத்தாத புள்ள. எரியுது பாரு" என்றாள் அம்மா.

"எரியும் எரியும். உங்க வயிறு எரியற எரிச்சல்ல எல்லாமே எரியும்!"

தெருவில் ஆள் கூடிவிட்டது. அப்பா காட்டிலிருந்து அப்போதுதான் வந்தார். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அம்மா அவரைக் கிட்டே கூப்பிட்டாள். பின்பக்கத்தைக் கையால் காட்டினாள். "தம்பி, நிக்கற வண்டியில இது எதுக்கு எரியுது?"

சித்தப்பா குனிந்து பார்த்தார். பிரேக் விளக்கு. யாரும் பிரேக்கை மிதிக்காதபோது அது எரியக்கூடாது. அவர் பக்கவாட்டில் உட்கார்ந்து மிதியைக் கையால் அமுக்கிப் பார்த்தார். அது ஏற்கெனவே அமுங்கித்தான் இருந்தது. கயிறுகளை விரலால் சுண்டினார். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தன. பிறகு தக்காளிப் பெட்டிக் கயிறு அறுக்கிற கத்தியை வாங்கி, ஒவ்வொன்றாக அறுத்தார். கடைசிக் கயிறு அறுந்ததும் மிதி டக்கென்று மேலே ஏறியது. விளக்கு அணைந்தது.

மிதியை அமுக்கினார். எரிந்தது. விட்டார். அணைந்தது. நம்பமுடியாத மாதிரி மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டே இருந்தார். இரவும் பகலும் அந்த விளக்கு தார்ப்பாய்க்குள்ளும் ரோட்டிலும் எரிந்து எரிந்து பேட்டரியைக் குடித்திருக்கிறது. கண் படாமல் இருக்கப் போட்ட தார்ப்பாய் அதை எங்கள் கண்ணிலிருந்தும் மறைத்திருக்கிறது. மெக்கானிக் கடையில் கயிறு இல்லை, விளக்கும் எரியவில்லை. வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததும் இந்த அமுங்கிய மிதிதான். சித்தி அறுந்த கயிறுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சோழி ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போங்க" என்றார் அப்பா. அந்தப் பருவம் முழுக்க இந்த விஷயத்தில் அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அன்றைக்கு நான் படுத்துக்கொண்டு அழுதேன். அம்மா பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து நெற்றியில் விபூதி பூசினாள். பயமில்லை. என் கண்ணில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்ட அழுகை. நாளைக் காலையிலிருந்து வண்டி எப்போதும் ஓடும். அவன் எப்போதும் தொட்டிமேல் உட்கார்ந்து போவான். நான் எவ்வளவு பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. பொறாமை மட்டும் அப்படியே இருக்க, அதன் சக்தியை மட்டும் யாரோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

காலையில் சித்தி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் எண்ணெய்க் கிண்ணம். வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க."

"குடு" என்றாள் அம்மா. வெந்நீர் தயாராகத்தான் இருந்தது.

மணையைப் போட்டு, காலை நீட்டி, குழந்தையைப் போட்டுக்கொண்டாள். குழந்தை உடம்பெல்லாம் சொறி. சித்திக்கு வெந்நீரின் பதம் தெரியாது. அம்மா முதுகில் எண்ணெய் தேய்க்கத் தேய்க்க அது மூச்சு விட்டது. கன்னத்திலும் உள்ளங்காலிலும் இருந்த திருஷ்டிப் பொட்டு கரைந்து தண்ணீரோடு ஓடியது. சித்தி துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். எதையாவது பேசவேண்டும் என்று, "ஒரு கயித்துல இத்தன இருக்குமுன்னு யாரு கண்டா? நான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன்" என்றாள்.

அம்மா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"தப்பா ஒண்ணும் நெனக்கல புள்ள. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். வண்டி வந்த அன்னிக்கு, நீ பின்னால ஒக்காந்து கோயிலுக்குப் போனியே, அப்ப நல்லாப் பாத்தேன். எனக்கும் ஒருநா அப்படிப் போவணும்னு நெனச்சேன். அது படுத்ததும் நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சு, அப்பறம் அந்தப் பக்கமே திரும்பல."

நான் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றது. கோபம் இல்லை, திமிர் இல்லை. தன் கண்ணைக் கண்டே பயந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே வண்டியை ஒரே மாதிரி பார்த்துவிட்டு, ஒருத்திக்கொருத்தி சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

சித்தி துண்டை விரித்தாள். குழந்தையை வாங்கித் துடைத்தாள், சாம்பிராணி காட்டினாள், பவுடர் போட்டாள். மைச் சிமிழைத் திறந்து விரலில் மையைத் தொட்டவள், குழந்தையின் கன்னத்துக்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்திவிட்டாள். இப்போது பொட்டு வைத்தால் யார் கண்ணுக்காக வைப்பது போல இருக்கும்? வைக்காமல் விடவும் அவளுக்கு மனசு வரவில்லை. மை தொட்ட விரல் நடுவில் நின்றது. அவள் கண் கலங்கிவிட்டது.

அம்மா ஈரக் கையால் சித்தியின் கையைப் பிடித்தாள். அந்த விரலைக் குழந்தையின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"வெய்யி. நல்லாப் பெருசா வெய்யி. எனக்கு இன்னும் ஆச போவுல."